குழந்தைக்கு வீட்டுச் சாப்பாடு: எதை வாங்குவது, எப்படிச் செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்கு 6 மாதம் நெருங்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை, விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தை என்றால் இதில் இருப்பதை விட உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதுதான் முக்கியம்.

எப்போது ஆரம்பிக்கலாம்? நாலு மாதத்திலேயே கொடுக்கச் சொல்லி வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

6 மாதம் முடிந்ததும், அதாவது 180 நாள் ஆனதும். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஊர் மருத்துவர்களும் அதையே சொல்கிறார்கள். தலை நிற்க வேண்டும், பிடித்து உட்காரவைத்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது உங்கள் தட்டையே பார்க்கிறது என்பது மட்டும் அறிகுறி ஆகாது. அந்த வயதில் குழந்தைகள் செல்போனையும் அப்படித்தான் பார்க்கும். அதே சமயம் 6 மாதத்துக்குப் பிறகு தள்ளிப் போடுவதும் தப்பு. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து இருப்பு அந்தச் சமயத்தில் தீர ஆரம்பித்திருக்கும்.

சாப்பாடு தொடங்கியதும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. 2 வயது வரையும், அதற்கு மேலும் தொடரலாம்.

முதலில் என்னவெல்லாம் வாங்கி வைக்க வேண்டும்?

உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். குக்கர், இட்லிப் பானை, மிக்சி, ஸ்டீல் வடிகட்டி, பருப்பு மத்து எல்லாம் ஏற்கெனவே உங்கள் அடுப்படியில் இருக்கும். புதிதாக வாங்க வேண்டியது ஆழமில்லாத சின்ன ஸ்பூன் இரண்டு, எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, துணி பிப் நாலைந்து. உட்காரவைத்து ஊட்ட, பெல்ட் உள்ள நாற்காலி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மடியில் நிமிர்த்தி வைத்து ஊட்டலாம். கடைகளில் 'வீனிங் செட்' என்று பன்னிரண்டு சாமான்களை ஒரே டப்பாவில் போட்டு விற்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பரணில்தான் போய்ச் சேரும்.

குழந்தைக்கென்று தனி மிக்சி தேவையா? எத்தனை வாட்ஸ்?

தேவையில்லை. வீட்டில் இருக்கும் 500 அல்லது 750 வாட்ஸ் மிக்சி தாராளம். 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டத்தில் வந்த மிக்சி இன்னும் ஓடுகிறதென்றால் அதுவும் போதும். வெந்த கேரட்டையும் குழைந்த சாதத்தையும் அரைக்க வாட்ஸ் ஒரு பிரச்சினையே இல்லை. ஜார்தான் விஷயம்.

குழந்தைக்கு ஒரு வேளைக்கு அரைப்பது நாலைந்து ஸ்பூன். பெரிய ஜாரில் போட்டால் எல்லாம் சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும். பலர் அப்போது தண்ணீரை ஊற்றி ஊற்றி அரைத்து, கடைசியில் கஞ்சித் தண்ணியைக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். அதனால் 400 மி.லி. அளவுள்ள சின்னச் சட்னி ஜார்தான் சரி. பணம் செலவழிக்க ஆசைப்பட்டால் மிக்சி வாங்காமல், உங்கள் மிக்சிக்குப் பொருந்தும் கூடுதல் சட்னி ஜார் ஒன்றை வாங்கிக் குழந்தைக்கென்று ஒதுக்குங்கள். மிளகாயும் பூண்டும் அரைத்த ஜாரை எவ்வளவு கழுவினாலும் ரப்பர் வாஷரில் காரம் தங்கியிருக்கும்.

ஜார் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். மூடியின் வாஷர் கையோடு கழன்று வர வேண்டும். உள்ளே தேங்கும் பிசுக்கில்தான் கிருமி வளரும். பிளேடுக்கு அடியில் விரல் அல்லது சின்ன பிரஷ் போக இடம் இருக்க வேண்டும். மூன்றாவது, பழைய ஜாராக இருந்தால் அடிப்பக்கம் கருப்பாக எண்ணெய் மாதிரி கசிகிறதா என்று பாருங்கள். பிளேடின் தண்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்தக் கசிவு மேலே ஏறி உணவிலும் கலக்கும். மிக்சி ரிப்பேர் கடையில் புஷ்ஷும் பிளேடும் மாற்றித் தருவார்கள், பெரிய செலவில்லை.

சூடாக எதையும் மூடிய ஜாரில் அரைக்காதீர்கள். ஆவி அழுத்தத்தில் மூடி தெறிக்கும்.

வேகவைத்து, அதிலேயே அரைத்தும் தரும் 'பேபி ஃபுட் மேக்கர்' வாங்கலாமா?

சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் இந்தக் கருவி செய்வது இரண்டே வேலை: ஆவியில் வேகவைப்பது, அரைப்பது. இட்லிப் பானையும் சட்னி ஜாரும் இதைத்தான் செய்கின்றன. கருவியில் அரிசியும் பருப்பும் சரியாகக் குழையாது. காய், பழம், கோழி மட்டும்தான். நம் வீட்டுக் குழந்தை உணவின் அடிப்படையே அரிசியும் பருப்பும் ராகியும்தான் என்னும்போது, பாதி வேலைக்கு எப்படியும் குக்கருக்கே வர வேண்டும்.

இன்னொரு தொல்லை, தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஹீட்டரில் சீக்கிரமே வெள்ளையாகப் படிந்துவிடும். அடிக்கடி வினிகர் ஊற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் காயவைக்க வழியில்லாத மாடல்களில் உள்ளே பாசி பிடிக்கும். தொட்டியின் வாய் கை போகும் அளவுக்கு இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

யாருக்குப் பயன்படும்? இரட்டைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, வெளிநாட்டில் குக்கர் இல்லாத சின்ன அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு, அடுப்பருகே நிற்க நேரமில்லாமல் தனியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு. அவர்களும் புதிதாக வாங்குவதைவிடத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சில மாதமே ஓடிய கருவி எத்தனையோ வீடுகளில் சும்மா கிடக்கிறது.

ஹேண்ட் பிளெண்டர் எப்படி?

சூப், பருப்பு கடைய அருமை. குழந்தையின் நாலு ஸ்பூன் உணவுக்குள் பிளேடு முங்காது. குறுகலான உயரமான டம்ளர் கூடவே வந்தால் சமாளிக்கலாம்.

குக்கரில் வேகவைப்பதா, ஆவியிலா?

அரிசி, பருப்புக்குக் குக்கர். வீட்டுக்குச் சாதம் வைக்கும் அதே குக்கருக்குள் சின்னக் கிண்ணத்தில் 2 ஸ்பூன் அரிசி, 1 ஸ்பூன் பாசிப்பருப்பு, நாலைந்து பங்கு தண்ணீர் வைத்து மூடிவிட்டால் குழந்தைக்குத் தனிச் சமையல் என்ற பேச்சே இல்லை. இதற்காக ஒன்றரை லிட்டர் குட்டிக் குக்கர் வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குக்கருக்கான தர எண் ஐ.எஸ். 2347.

காய், ஆப்பிள், சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு ஆவி நல்லது. தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் வைட்டமின் சி-யும் அதோடு போய்விடும். அப்படித் தண்ணீரில் வேகவைத்தால் அந்தத் தண்ணீரையே மசிக்கப் பயன்படுத்துங்கள்.

எந்தப் பாத்திரம் நல்லது? வெள்ளிக் கிண்ணம்தான் வேண்டும் என்கிறார் மாமியார்.

தினசரிக்கு எவர்சில்வர்தான் சுலபம். வெள்ளிக் கிண்ணம் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதில் மருத்துவ குணம் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூவேலைப்பாடு இல்லாத வழவழப்பான கிண்ணமாக இருக்கட்டும், இடுக்கில் உணவும் பாலிஷ் பவுடரும் தங்கும். ஈயப் பூச்சு தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் தக்காளியோ புளிப்போ சமைக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் ஈயப் பூச்சில் நச்சுள்ள காரீயம் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இரும்புச் சட்டி இருந்தால் கீரையையும் தக்காளி சேர்த்த காயையும் அதில் வதக்கலாம். கொஞ்சம் இரும்பு உணவில் இறங்கும். வெந்ததும் உடனே வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பிளாஸ்டிக் கிண்ணத்தில் சூடான உணவைப் போடுவதும், அதை அப்படியே மைக்ரோவேவில் வைப்பதும் வேண்டாம். மைக்ரோவேவில் இன்னொரு ஆபத்து, சூடு சமமாகப் பரவாது, ஓரிடம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இன்னோர் இடம் கொதித்துக்கொண்டிருக்கும். நன்றாகக் கலக்கி, உங்கள் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து ஊட்டுங்கள்.

முதல் உணவு என்ன? எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்?

குழைந்த பருப்பு சாதம், மசித்த வாழைப்பழம், ராகிக் கூழ், மசித்த பூசணி, இட்லியை வெந்நீரில் பிசைந்தது, எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். எதை முதலில் என்பதற்குப் பெரிய விதி கிடையாது. எவ்வளவு கெட்டி என்பதற்குத்தான் உண்டு.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு பருப்புத் தண்ணி, சாதம் வடித்த கஞ்சி, காய் வேகவைத்த தண்ணி, ஆப்பிள் ஜூஸ். குழந்தையின் வயிறு சின்னது. அதைத் தண்ணியால் நிரப்பினால் பாலும் குறையும், சத்தும் சேராது. 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்கு 200 கலோரி அளவுக்கு உணவிலிருந்து வேண்டும். 9 முதல் 11 மாதத்தில் அது 300, ஒரு வயதுக்கு மேல் 550. தெளிந்த பருப்புத் தண்ணியால் இதில் கால்வாசியைக்கூட எட்ட முடியாது. அடியில் தங்கிய பருப்பைத்தான் ஊட்ட வேண்டும். மேலே நிற்கும் தண்ணியை நீங்கள் ரசத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, மெதுவாகச் சரிந்து விழ வேண்டும். அந்தப் பதம்தான் சரி. மேலே அரை ஸ்பூன் நெய்யோ செக்கு நல்லெண்ணெயோ சேருங்கள். அளவு கூடாமலே கலோரி கூடும்.

முதல் வாரம் 2, 3 ஸ்பூன், ஒரு நாளைக்கு இரண்டு முறை. 8 மாதத்துக்குள் மெதுவாக 250 மி.லி. கப்பில் பாதி வரை ஏற்றலாம், இரண்டு மூன்று வேளை. 9 மாதத்துக்கு மேல் மூன்று நாலு வேளை. ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டு மறுநாள் வாயையே திறக்காமல் இருப்பது சகஜம். முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ராகியை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்துக் காய்ச்சுவதா? முளைகட்டிய மாவா?

இரண்டும் பழக்கத்தில் இருக்கின்றன. ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அரிசியில் அதில் ஒரு துளிதான். ஆனால் அந்தக் கால்சியத்தில் பெரும்பங்கு தோலில் இருக்கிறது. துணியில் வடிகட்டிப் பால் மட்டும் எடுத்தால் சக்கையோடு அதிலும் கொஞ்சம் குப்பைக்குப் போய்விடும். முதல் இரண்டு வாரம் பால் எடுத்துக் காய்ச்சிப் பழக்கிவிட்டு, அப்புறம் முழு மாவுக்கு மாறுங்கள்.

முளைகட்டிய மாவுக்கு இரண்டு நன்மைகள். ஒன்று, இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும் பைட்டேட் குறைகிறது. இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. முளைக்கும்போது தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி உண்டாகி, மாவுச்சத்தை உடைக்கிறது. சாதாரண மாவில் காய்ச்சினால் களி மாதிரி இறுகிவிடும், அதை இளக்கத் தண்ணீர் ஊற்றுவோம், சத்து நீர்த்துப்போகும். முளைகட்டிய மாவில் அதே நெகிழ்ச்சிக்குக் கூடுதலாக மாவு போடலாம். சாதாரணக் கூழ் ஆறி இறுகிவிட்டாலும், கைபொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போதே அரை ஸ்பூன் முளைகட்டிய மாவைக் கலந்து சில நிமிடம் விட்டுப் பாருங்கள், தானாகவே இளகும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு ஊட்டுங்கள்.

செய்முறை: ராகியை நாலைந்து தடவை கழுவி, கல் அரித்து, ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். நன்றாகக் காயவைத்து, கை சுடும் அளவுக்கு மட்டும் லேசாக வறுத்து அரையுங்கள். கருக வறுத்தால் அந்த நொதி செத்துவிடும், முளைகட்டியதற்கே பாதிப் பலன் போய்விடும்.

25 பொருள் போட்ட சத்துமாவு கொடுக்கலாமா?

6 மாதத்தில் வேண்டாம். முதல் வாயிலேயே 25 பொருள் போனால், உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்த்து, ஒத்துக்கொண்டதை மட்டும் சேர்த்து மாவு செய்யுங்கள். பொருள் எத்தனை என்பதில் ஒன்றும் இல்லை. ஒரு தானியம், ஒரு பருப்பு, ஒரு எண்ணெய் வித்து இருந்தாலே நல்ல சத்துமாவுதான். முந்திரி, பாதாம், வேர்க்கடலை சேர்த்த மாவு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். அதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், அல்லது கொஞ்சமாக அரைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைப் பொறுக்கித் தள்ளுவதில் சோம்பல் வேண்டாம், அதில் இருக்கும் நச்சு வறுத்தாலும் போகாது.

மில்லில் அரைப்பதாக இருந்தால், முன்னால் மிளகாய்த்தூள் அரைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். காலையில் மில் திறந்ததும் போவது நல்லது. யாராவது பச்சரிசியோ கோதுமையோ அரைத்த பிறகு உங்களுடையதைப் போடச் சொன்னால் மில்காரர்கள் மறுப்பதில்லை. அரைத்த மாவு சூடாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து, கட்டி பிடித்து, வண்டு வரும்.

அங்கன்வாடியில் 6 மாதம் முதல் 3 வயது வரை கொடுக்கும் சத்துமாவைப் பலர் வாங்கிவந்து ஒதுக்கிவைக்கிறார்கள். வாங்குங்கள், பயன்படுத்துங்கள். வெல்லம் சேர்த்தே வருவதால் மேற்கொண்டு இனிப்பு சேர்க்க வேண்டாம்.

உப்பு, சர்க்கரை, தேன், பசும்பால்?

ஒரு வயது வரை நாலும் வேண்டாம். தேன் நாக்கில் தடவுவது கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா வித்து, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கவைக்கும். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சர்க்கரைதான். பசும்பாலை ஒரு வயதுக்கு முன் முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாது, தயிராகக் கொஞ்சம் கொடுக்கலாம். உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று கேட்பார்கள். உப்பு என்றால் என்னவென்றே தெரியாத நாக்கு அது. சீரகம், பெருங்காயம், கொத்தமல்லி தாராளமாகச் சேருங்கள்.

முட்டை, மீன், வேர்க்கடலை எப்போது?

6 மாதத்திலிருந்தே கொடுக்கலாம். தள்ளிப் போட்டால் அலர்ஜி வராது என்ற பழைய கருத்து இப்போது மாறிவிட்டது. 2015இல் வெளியான லண்டன் 'லீப்' ஆய்வில், அலர்ஜி வர வாய்ப்பு அதிகமிருந்த குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தபோது, 5 வயதில் வேர்க்கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. குழந்தைக்குக் கடுமையான கரப்பான் (எக்சிமா என்ற தோல் நோய்) அல்லது முட்டை அலர்ஜி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். வேர்க்கடலையை விழுதாகவோ பொடியாகவோ கூழில் கலந்துதான். முழுக் கடலை 5 வயது வரை ஆகாது. முட்டை மஞ்சளும் வெள்ளையும் முழுதாக வெந்திருக்க வேண்டும். மீன் என்றால் மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீன். விரலால் பிசைந்து முள் பார்த்துக் கொடுங்கள், மிக்சியை நம்பாதீர்கள். சுறா வேண்டாம், பாதரசம் அதிகம்.

இரும்புச்சத்துக்கு என்ன செய்வது?

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! மிக்சி பிராண்டைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் இதைப் பற்றிக் கவலைப்படலாம். ஆட்டு ஈரலோ கோழிக்கறியோ வாரத்தில் சில நாள் ஒரு ஸ்பூன் சேருங்கள். ஈரல் மட்டும் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ அதிகமாகிவிடும். சைவ வீடு என்றால் பருப்பு, பயறு, கீரையோடு எலுமிச்சைச் சாறு சில சொட்டு, அல்லது பின்னாலேயே கொய்யா, நெல்லிக்காய் மசியல். வைட்டமின் சி சேர்ந்தால் தாவர இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் வாரம் இரண்டு முறை இரும்புச் சிரப் தருகிறார்கள், கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

எத்தனை மாதம் வரை மிக்சியில் அரைக்க வேண்டும்?

மாதம் என்றே பேச வேண்டாம், சில வாரம் போதும். மையாக அரைப்பது ஆரம்பத்துக்கு மட்டும். 7 மாதத்தில் மத்தால் மசித்து, 8 மாதத்தில் கரண்டியால் நசுக்கி, சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கும்படி கொடுங்கள். பல் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள், அந்த ஈறு இட்லியையும் வெந்த கேரட் துண்டையும் நசுக்கிவிடும். 9, 10 மாதம் தாண்டியும் விழுதாகவே கொடுத்துப் பழக்கினால், பின்னால் ஒரு பருக்கை சோறு வந்தாலும் உவ்வே என்று துப்பும். இரண்டு வயதிலும் சாதத்தை மிக்சியில் அடித்து ஊட்டும் வீடுகள் நிறைய. நல்ல கருவி வாங்கிவிட்டோமே, வீணாகக் கூடாதே என்று தொடர்ந்து அரைப்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

8 மாதத்தில் விரலால் எடுத்துச் சாப்பிடவும் விடுங்கள். தரை நாசமாகும், பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துவிடுங்கள். முழுத் திராட்சை, பொரி, பச்சைக் கேரட், பாப்கார்ன், முழுப் பருப்புகள் தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள்.

செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

அப்போதைக்கப்போது செய்வது நல்லது, எல்லோருக்கும் அது முடியாது. செய்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை கொடுக்கலாம். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வைத்துவிடுங்கள். காய், பழ மசியலை மூடியுள்ள ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். கரண்ட் பல மணி நேரம் போய், கட்டிகள் உருகிவிட்டால் மறுபடி உறையவைக்காதீர்கள். ஒரு முறைதான் சூடாக்கலாம், கொதிக்கும் அளவுக்கு. ஊட்டிய ஸ்பூன் பட்ட மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது. அதனால்தான் இரண்டு கிண்ணம்: ஒன்றில் உணவு, இன்னொன்றில் ஊட்டும் அளவு. கீரை, பீட்ரூட்டை மட்டும் அன்றே செய்து அன்றே முடித்துவிடுங்கள்.

பாலாடையில் ஊட்டலாமா? உரை மருந்து?

பாலாடை, சங்கு எல்லாம் பாலுக்கு. படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, கூழை அதில் ஊற்றுவது இன்னும் நடக்கிறது, நுரையீரலுக்குள் போய்விடும். உரை மருந்தில் வசம்பு இருக்கும். அதில் உள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை கொண்டது. பாட்டியிடம் சண்டை போடாமல், மருத்துவர் வேண்டாம் என்றார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

கிண்ணம், ஸ்பூனை ஸ்டெரிலைசரில் போட வேண்டுமா?

வேண்டாம். சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, துடைக்காமல் கவிழ்த்துக் காயவைத்தால் போதும். பால் புட்டிக்குத்தான் கொதிக்கவைக்கும் வேலை. உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுவது இந்தக் கருவிகள் எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஊருக்குப் போகும்போது என்ன எடுத்துப் போவது?

பருப்பு சாதத்தை ஹாட் பாக்ஸில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருப்பதுதான் கிருமிக்குப் பிடித்த சூடு. அதற்குப் பதில், அவலையும் பொட்டுக்கடலையையும் லேசாக வறுத்து நைசாகப் பொடித்து வையுங்கள். இரண்டும் ஏற்கெனவே பக்குவமானவை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் கூழாகிவிடும். அடுப்பு தேவையில்லை, ஒரு பிளாஸ்க் போதும். வாழைப்பழம் எந்த பஸ் ஸ்டாண்டிலும் கிடைக்கும், ஸ்பூனால் சுரண்டி ஊட்டலாம். கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் செய்யும் ஏத்தங்காய்ப் பொடியை மட்டும் வெந்நீரில் கலக்கிக் கொடுக்காதீர்கள். அது பச்சைக் காயைச் சீவிக் காயவைத்தது. அடுப்பில் வைத்துக் கிளறி வேகவைத்தால்தான் செரிக்கும்.